ஒரே கூரையில் இரண்டு அடுப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தம்பியும் சுகம்தான். உங்கள் இருமல் விட்டதா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் புது இயந்திரம் வந்ததா, இல்லை இன்னும் பழையதையே தட்டிக்கொட்டி ஓட்டுகிறீர்களா?

இதைச் சொல்வதற்காக மூன்று முறை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் அந்தப் பக்கம் அழுதால் நான் இந்தப் பக்கம் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நானும் அவரும் பிரிவதென்று முடிவு செய்துவிட்டோம்.

ஒன்பது வருடத்தில் உங்களிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். போன வருடத்துக்கு முந்தின ஆகஸ்டிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனமாக இருக்கிறோம். முன்னறை அவருக்கு, பின்னறை எனக்கு. சமையலறை ஒன்றுதான், ஆனால் அடுப்பு இரண்டு. ஜன்னல் பக்கம் மின்சார அடுப்பில் அவர் சமைக்கிறார், சுவர்ப் பக்கம் கேஸ் அடுப்பில் நான். அவர் துணியை அவர் துவைக்கிறார். சண்டை ஏதும் இல்லை, அண்ணி. காலையில் குளியலறை வாசலில் "நீங்க போங்க", "இல்ல, நீ போ" என்று ரயிலில் சந்தித்த இரண்டு பேர் மாதிரி மரியாதை காட்டிக்கொள்கிறோம்.

வருகிற ஆகஸ்டோடு இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு விவாகரத்துக்கு மனுப் போடலாம் என்று வக்கீல் சொல்கிறார். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு முகம் இருக்காது.

கோபப்பட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் அன்பான,
கண்ணாடிக்காரி


மார்ச் 21

என் கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் வந்து நாற்பது நாள் ஆகப்போகிறது. பதில் வராததற்குக் கோபம் காரணம் இல்லை. தினம் ஒன்று எழுதினேன், தினம் கிழித்தேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். என் கை என் வாயைவிட மோசம்.

இருமல் போய்விட்டது. புது இயந்திரம் வந்தது. வந்த மூன்றாம் நாளே படுத்துக்கொண்டது. அதற்கு வார்டில் ஒரு கட்டில் போடலாம் என்று பெரிய டாக்டரிடமே சொல்லிவிட்டேன்.

நவம்பரில் நான் வந்திருந்தபோது உங்கள் குளியலறையில் இரண்டு சோப்பு இருந்தது. பார்த்தேன். சமையலறையில் இரண்டு டீத்தூள் டப்பா. அதையும் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி அழுக்குத் துணியைப் பிரிக்கிறவள் நான். எந்த வார்டில் என்ன நடந்தது என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் வீட்டுக் கொடியில் அவன் துணி ஒரு ஓரம், உன் துணி ஒரு ஓரம், நடுவில் நாலு க்ளிப் இடைவெளி. எல்லாம் தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயே என்று பயம்.

இப்போது கேட்கிறேன். அடித்தானா? குடிக்கிறானா? வேறு ஒருத்தி இருக்கிறாளா? இருந்தால் சொல், அடுத்த பஸ்ஸில் வந்து அவன் காதைப் பிடித்துத் திருகுகிறேன். நாற்பது வயதானாலும் அது நான் பிடித்து வளர்த்த காது.

அவன் கல்லுளிமங்கன் என்பது எனக்குத் தெரியாததா? நாலு வயதில் அம்மா போனதிலிருந்து என் கையில்தான் இருந்தான். பசித்தால்கூட வாயைத் திறக்கமாட்டான், தட்டைப் பார்ப்பான். நானும் அவன் பார்வையைப் பார்த்தே சோறு போட்டுப் பழகிவிட்டேன். பேசக் கற்றுக்கொடுக்காமல் விட்டது என் தப்பு. அதற்கு நீ தண்டனை அனுபவிக்கிறாய் என்றால் எனக்கு ஆறாது.

கல்யாணமே பண்ணிக்கொள்ளாத நான் உனக்குப் புத்தி சொல்வது வேடிக்கைதான். இருந்தாலும் சொல்கிறேன். அவசரப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு அடுப்பில் எதில் சமைத்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியதே போதும். நான் சுகம். கண்ணாடிக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், ஒரு நாளைக்கு முப்பது பிள்ளைகளுக்குக் கண் பார்க்கிறேன். எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிக்கிறார்கள், கண்ணாடி போடக் கூடாதாம்.

அவர் அடிக்கவில்லை. குடிக்கவில்லை. வேறொருத்தியும் இல்லை. இருந்தால் அவளோடு பேச வேண்டியிருக்குமே.

என்ன நடந்தது என்று வக்கீலும் கேட்டார். சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் கடை சார்பில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினேன். கதவைத் திறந்தார், பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார், டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தார். எப்படிப் போயிற்று என்று கேட்கவில்லை. அது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கேட்காதது எனக்கு வலிக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் வலிக்கும். வலி நின்றது தெரிந்ததும் பயந்துபோனேன். அன்று அழுத அழுகையை அதற்குப் பிறகு நான் அழவில்லை.

கல்யாணம் தானாக நின்றுபோயிற்று என்று ஒரு காரணம் இந்த நாட்டுச் சட்டத்தில் கிடையாதாம். கடிகாரம் நின்றுபோனால் யார் உடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணம் நின்றால் மட்டும் கேட்கிறார்கள். கொடுமை செய்திருக்க வேண்டும், அல்லது விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும், அல்லது வேறொருவரோடு உறவு இருந்திருக்க வேண்டும். யார் மேலும் பழி போடாமல் பிரிய ஒரே வழி, இரண்டு வருடம் தொடர்ந்து தனித்தனியாக வாழ்ந்தோம் என்று காட்டுவது. ஒரே வீட்டில் இருந்தாலும் செல்லும், ஆனால் வீட்டுக்குள் வந்து பார்த்த வெளியாள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்து தங்குகிற ஒரே ஆள் நீங்கள்.

கேட்கவே கை கூசுகிறது. அவரை வளர்த்த கையைக் கோர்ட்டில் தூக்கச் சொல்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 18

என் கண்ணாடிக்காரிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தம்பிக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று அவன் கூட வேலை பார்க்கிற இன்னொரு லிப்ட் மெக்கானிக் போன் பண்ணினார். இந்த ஊமைப்பயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டே மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறான். வெட்டி எடுத்தாயிற்றாம், பயமில்லையாம். வீட்டுக்கு அனுப்பினால் பத்துப் பன்னிரண்டு நாள் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட ஆள் வேண்டும்.

நான் பறந்து வந்திருப்பேன். ஆனால் வலது முட்டி வீங்கி உட்கார்ந்துவிட்டது. படி ஏறக் கூடாது, பஸ்ஸில் ஏறக் கூடாது, இரண்டு வாரம் அசையாதே என்று டாக்டர் கட்டளை.

உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. அடுப்புக்கு அடுப்பு எல்லை போட்ட வீட்டில் அவனைப் பார்த்துக்கொள் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் எனக்கு வேறு யாரும் இல்லை. அவனுக்காக வேண்டாம். எனக்காகச் செய்.

சாட்சி விஷயம் அப்புறம் பேசலாம்.

உன் அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அவர் நன்றாகத் தேறிவிட்டார், திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? அலட்சியம் வேண்டாம்.

பதினொரு நாள் பார்த்துக்கொண்டேன். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். காலையில் புண்ணைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினேன். சுவர்ப் பக்கத்து அடுப்பில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்தேன். பிடித்துக்கொண்டு நடக்கவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் "தேங்க்ஸ்" சொன்னார். முதல் நாள் எண்ணினேன், பதினேழு. ஒன்பது வருடத்துக்கும் சேர்த்துச் சொல்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

முதல் முறை கட்டு மாற்றும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். கூரையைப் பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வலிக்கல, நீ பண்ணு" என்றார். வலித்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் எழுந்துபோய்ப் பார்த்தால் ஜன்னல் பக்கத்து அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அவரே போட்டிருந்தார். நான் என் அடுப்பில் எனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
கண்ணாடிக்காரி


மே 11

என் தங்கமே,

உன் கடிதம் இன்று காலை வந்தது, இன்றைக்கே பதில். முட்டியெல்லாம் சரியாகிவிட்டது. அதை விடு.

அப்புறம்? பதினொரு நாள் ஒரே அடுப்பில் சமைத்தாய், ஒன்றாக இருந்தீர்கள், கட்டுப் போட்டாய், நடக்கவைத்தாய். அப்புறம் என்ன? "வேறு விசேஷம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் நான் விடுவேனா? அவன் ஏதாவது பேசினானா? பேசாவிட்டாலும் பார்த்தானா? எனக்கு அவன் பார்வை தெரியும், எப்படிப் பார்த்தான் என்று மட்டும் எழுது, மிச்சத்தை நான் படித்துக்கொள்கிறேன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். அவன் மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் உடம்புக்கு வந்தால்தான் வாய் திறக்கும்.

இத்தோடு ஒரு பார்சல் வரும். ஒரு படுக்கை விரிப்பு, நல்ல பருத்தி. நானே துவைத்துத் தேய்த்தது. இரட்டைக் கட்டில் அளவு.

உன் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இரண்டு மாதமாகக் காத்திருக்க வைத்துவிட்டேன். மன்னியுங்கள். விரிப்பு வந்தது. அழகாக இருக்கிறது. மடித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் மனு எழுத இரண்டு பேரும் வக்கீலிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தனித்தனி அறையா? ஆமாம். தனித்தனி சமையலா? ஆமாம். இந்த இரண்டு வருடத்தில் ஒருவர் மற்றவருக்குச் சமைத்துப் போட்டது, துவைத்துக் கொடுத்தது, உடம்புக்கு முடியாதபோது பார்த்துக்கொண்டது ஏதாவது உண்டா?

உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பதினொரு நாள்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

வக்கீல் பேனாவை மூடிவைத்துவிட்டார். ஒருவருக்கொருவர் பணிவிடை செய்தால் குடும்பம் நடத்தியதாகக் கணக்காம். அன்றோடு பழைய காலம் அழிந்து, இரண்டு வருடம் முதலிலிருந்து தொடங்குகிறதாம். "மனிதாபிமானம்தான் சார்" என்றேன். "அதெல்லாம் கோர்ட்ல நிரூபிக்கணும்மா, பொண்டாட்டியா செஞ்சீங்களா, மனுஷியா செஞ்சீங்களான்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

யாராவது ஒருவர் வீட்டை விட்டுப் போனால் "கைவிட்டு ஓடியவர்" என்று அவர் மேல் போடலாம். இல்லாவிட்டால் கொடுமை. கொடுமைதான் சுலபம் என்றார். உடனே உங்கள் தம்பி, "என் மேல போட்டுக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தன் கொடுமைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அண்ணி. என் அப்பா இறந்த அன்று நேரத்துக்கு வராதது. அன்றைக்கு லிப்டில் ஆறு பேர் மாட்டியிருந்தார்கள், அவர்களை அந்தரத்தில் விட்டுவிட்டா வருவார்? என் பிறந்தநாளை ஏழு முறை மறந்தது. ஆறு முறைதான், அதைக்கூட மறந்திருக்கிறார். நான் பேசும்போது பதில் சொல்லாதது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருந்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தேன். "அவள் சிரிப்பது நின்றதைக் கவனிக்கவில்லை" என்று இருந்தது.

வக்கீல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு கொடுமை இல்ல சார், இதுக்குப் பேரு கல்யாணம். அடிச்சேன்னு ஒரு வரி போடுங்க, போதும்" என்றார். இவர் தலையாட்டிவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் ஒருநாளும் என் மேல் கை ஓங்கியதில்லை. அந்தப் பொய் கோர்ட்டுக் காகிதத்தில் அவர் பெயருக்கு எதிரே எப்போதும் இருக்கும். அந்த விலைக்கு எனக்கு விடுதலை வேண்டாம்.

ஆனால் இன்னும் இரண்டு வருடம் கொடியில் நாலு க்ளிப் விட்டுத் துணி காயப்போடவும் என்னால் முடியாது. எனக்கு முப்பத்தாறு ஆகிறது. அந்த வீட்டில் நான் பூனை மாதிரி நடக்கப் பழகிவிட்டேன். கடையில்கூட ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்க வந்ததே தெரியலக்கா" என்றாள்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் உடம்பு எப்படி?

அன்புடன்,
கண்ணாடிக்காரி


ஆகஸ்ட் 24

என் கண்ணாடிக்காரிக்கு,

ஏழு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. வீக்கமும் இல்லை, டாக்டரும் இல்லை. அந்த இரண்டு வாரமும் ஒருநாள் விடாமல் வேலைக்குப் போனேன். ஈரத் துணி மூட்டையோடு மூன்று மாடி ஏறி இறங்கினேன். நான் வந்தால் நீ பின்னறையை விட்டு வரமாட்டாய், நான் வராவிட்டால் வந்துதான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வாரம் அவன் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

உன் நல்ல மனதை நான் பொறியாக வைத்தேன். அதில் உன் இரண்டு வருடமும் போய் மாட்டிக்கொண்டது. உன் ஜூலைக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சலவைக்கூடத்தில் பெண்கள், "என்னக்கா, யாரையும் திட்டாம இருக்கீங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை உனக்குச் சொல்லாமல் உங்கள் ஊருக்கு வந்தேன். நேராக வக்கீலிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவனுக்குச் செய்யவில்லை, நான் பொய் சொல்லிக் கெஞ்சியதால் எனக்குச் செய்தாள் என்றேன். அந்த ஏப்ரல் கடிதத்தை நீ வைத்திருந்தால் கொடுக்கச் சொன்னார். "அவனுக்காக வேண்டாம், எனக்காகச் செய்" என்று என் கையெழுத்தில் இருக்கிறதே, அது போதுமாம். அதோடு நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். சொந்த அக்காவே தம்பி கல்யாணம் முடிந்துபோயிற்று என்று வந்து சொன்னால் கோர்ட் நம்பும் என்றார்.

சாட்சிக்கு வருகிறேன். உன்னை வந்து பார்க்காமல் திரும்பியதற்குக் காரணம் வெட்கம்தான்.

மன்னிக்க முடிந்தால் மன்னி.

அண்ணி


செப்டம்பர் 18

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா?

கேஸ் அக்டோபர் 14, புதன், காலை பத்தரை மணி. கோர்ட் மூன்றாவது மாடி. போய்ப் பார்த்தேன், லிப்ட் ஒழுங்காக ஓடுகிறது. கதவு கொஞ்சம் இடித்தது, சரிசெய்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வா.

தம்பி


அக்டோபர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். ஊருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கோர்ட் வாசலில் ஒரு டீகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்ப்பு நேற்று கையில் வந்தது. "கணவரின் சகோதரி கேட்டுக்கொண்டதற்காக ஒரு நோயாளிக்குச் செய்த உதவி, இல்லறம் ஆகாது" என்று எழுதியிருக்கிறார்கள். யார் பெயருக்கு எதிரேயும் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு பேர் பெயரும் சும்மா பெயராக இருக்கிறது. நாலு முறை படித்தேன்.

அன்றைக்கு நீங்கள் நின்றதை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பின்னால் இருந்து பார்த்தேன். சோப்பு, டீத்தூள், கொடி எல்லாம் கணீரென்று சொன்னீர்கள். "பொய் சொல்லித்தானே அவங்களைப் பாத்துக்க வெச்சீங்க?" என்று நீதிபதி கேட்டபோது, "ஆமாங்கம்மா, பெரிய பொய்" என்றீர்கள், குமாஸ்தாகூடச் சிரித்தார். கடைசியாக நீதிபதி அம்மா, "இவங்க ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார். அதுவரை பட்பட்டென்று பதில் சொன்ன நீங்கள் பேசவில்லை. திரும்பி அவரைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். "இல்லைங்கம்மா. நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்" என்றீர்கள். மறுபடியும் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். விசாரணைக்கு முன்னால் சொல்லியிருந்தால் நீங்கள் அதையும் கூண்டில் கொட்டியிருப்பீர்கள், அதனால் சொல்லவில்லை.

உங்கள் முட்டி விஷயம் எங்களுக்கு நாலாம் நாளே தெரியும். அன்றைக்கு அவருக்கு உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு, "அக்காவுக்கு எந்த முட்டி?" என்று கேட்டார். வலது என்றேன். கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு இடது முட்டி என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குத் தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, சிரிக்க வைக்காத" என்று கெஞ்சினார். எத்தனை வருடம் ஆயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து. அப்புறம், "பாவம் அக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா முயற்சி பண்ணிப் பாப்பமா?" என்றார். சரி என்றேன்.

பொய் இல்லை அண்ணி, மனதாரத்தான் முயன்றோம். அவர் பேசினார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். நான் கடைக் கதை சொன்னேன். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல விருந்தாளிகள் மாதிரி இருந்தோம். ஒரு வாரம் ஆனதும் இரண்டு பேருக்கும் களைத்துவிட்டது. விருந்தாளி எத்தனை நாள் நிமிர்ந்து உட்கார முடியும்? பதினோராம் நாள் சாயங்காலம், "நீ நல்லவதான். நானும் மோசமில்ல. ஆனா..." என்றார். அவர் முடிக்கவில்லை, நானும் முடிக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் அந்த ஜன்னல் பக்கத்து அடுப்பில் டீ கொதித்தது.

உங்களுக்காகத்தான் அவரைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன், அது உண்மை. மிச்சத்தைக் கோர்ட் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பொய்யால் எங்கள் இரண்டு வருடம் போகவில்லை, அண்ணி. எங்களுக்கு ஒரு வாரம் கிடைத்தது. முயன்று பார்த்தோம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அது இல்லாமல் பிரிந்திருந்தால் நான் ஆயுசுக்கும் யோசித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

நான் கடைக்குப் பின்தெருவில் ஒரு மாடியறைக்கு வந்துவிட்டேன். அவர்தான் கட்டிலைத் தூக்கிவந்து போட்டுவிட்டுப் போனார். எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று தோன்றினால்கூட, தோன்றியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
கண்ணாடிக்காரி


நவம்பர் 29

என் கண்ணாடிக்காரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். புது அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? ஜன்னல் எந்தப் பக்கம்?

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டு படித்தேன். முட்டிக் கதை வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்குக் காரணம் சொல்கிறேன். அந்த அம்மா, "வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டபோது நான் சும்மா நிற்கவில்லை. "இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, உனக்கு எதிரேயே நின்றுகொண்டு, மறுபடியும் பொய் சொல்லப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன், அவன் தட்டைப் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னைப் பார்த்தேன். நீ என்னைத் தடுக்கிற மாதிரி பார்க்கவில்லை. நான் என்ன சொன்னாலும் சரி என்கிற மாதிரி பார்த்தாய். அதற்கு மேல் பொய் வரவில்லை. பஸ்ஸுக்கு ஓடியதும் அதனால்தான். திரும்பிப் பார்த்திருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன்.

நடுவில் இன்னொரு பயமும் இருந்தது. அவன் எனக்குத் தம்பி, கோர்ட் சொன்னாலும் தம்பி, சொல்லாவிட்டாலும் தம்பி. நீ எனக்கு அவன் வழியாக வந்தவள். வழியை அடைத்தாயிற்று. இனிமேல் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது, எந்த உரிமையில் உன் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

டிசம்பரில் எனக்கு நாலு நாள் விடுப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். முதலில் உன் அறைக்குத்தான் வருவேன், திங்கட்கிழமை வரை இருப்பேன். அதற்குப் பிறகுதான் அவன் வீட்டுக்கு. இதை அவனிடம் போனில் சொன்னேன். அந்தக் கல்லுளிமங்கனுக்கே பொறுக்காமல், "ஏன்க்கா, நான்தானே உன் கூடப்பொறந்தவன்? மொதல்ல என் வீட்டுக்கு வரமாட்டியா?" என்று கேட்டான்.

"நீ எங்கடா போயிடப் போற? அவ போயிட்டா நான் எங்கடா தேடுவேன்?" என்றேன்.

உன்,
அண்ணி